முப்பத்தேழு அரைப் பேர்

— அந்தக் கடிதத்த இன்னும் அனுப்பலதானே, சேந்தன் சேர்?

— நாலு மணிக்கு மெனேஜர் கையெழுத்து வைப்பார். உடன தேயிலைத் தோட்டத்துக்குப் போகும். ஏன் சிந்துஜா, எழுத்துப் பிழை ஏதும் கிடக்கோ?

— எழுத்து சரிங்க சேர். விசயந்தான் கொஞ்சம் இடிக்குது.

— உம்மைக் கம்பஸால இஞ்ச ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினவை. இண்டைக்குப் பதினேழாம் நாள். நான் இந்த ஒடிற் கொம்பனியில ஒன்பது வருசம். சொல்லும், எங்க இடிக்குது?

— முப்பத்தேழு ஆளுங்களோட பேரைப் பாதிதான் பதிஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்களே, அங்க.

— அதுதானே இந்தக் கணக்காய்வின்ட உயிரே. கணக்கப்பிள்ளையின்ட கொப்பியைப் பாரும். 'இரஞ்சிதம், அரைப் பேர்.' 'பாக்கியம், அரைப் பேர்.' கொழுந்து எடுக்கிற ஆக்களின்ட பேரில பாதியை எழுதிப்போட்டு மிச்சத்தை ஒளிச்சு வைச்சிருக்கினம். ஏன்? இல்லாத ஆளுக்குச் சம்பளம் போட.

— இரஞ்சிதத்துல எது சேர் பாதி?

— அதுதான் எனக்கும் பிடிபடேல்ல. நேற்று பஸ்ஸில கட்டுகஸ்தோட்டை மட்டும் அதையே யோசிச்சுக்கொண்டு போனனான். இரஞ்சிதமலரா இருக்கும். இல்லாட்டி இரஞ்சிததேவி.

— அடுத்த பக்கத்துல 'பேர் விழல'ன்னு ஏழு இருக்குமே, அதுக்கு என்ன எழுதுனீங்க?

— ஏழு பேருக்குப் பேரே இல்லை எண்டு எழுதினன். பாவம், அதுகளுக்குப் பிறப்புப் பத்திரமும் இராது. மனித உரிமை மாதிரி அதுக்குத் தனியா ஒரு பந்தி போட்டிருக்கிறன்.

— ஐயோ சேர்.

— சிரிக்கிறீரோ?

— இல்லீங்க, இருமல். சேர், தோட்டத்துல பேருன்னா ஒரு நாள் சம்பளம். பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்தா ஒரு பேர் போடுவாங்க. எடுக்காட்டி அரைப் பேர். நடுவுலயே மலைய விட்டு எறங்கிட்டா பேரே விழாது.

— அப்ப இரஞ்சிதம்?

— முழுசா இரஞ்சிதம்தான். கொழுந்துதான் கொறைவு.

— நான் பதினெட்டரை மனிசர் எண்டு கூட்டிப் போட்டிருக்கிறன்.

— பாத்தேன் சேர். அந்த அரை மனுசன் யாருன்னு நானும் தேடுனேன்.

— பொறும், பொறும். காலமை கணக்கப்பிள்ளைக்குப் போன் எடுத்தனான். 'மிச்ச அரைப் பேரையும் இண்டைக்கே போட்டுத் தரோணும்' எண்டு கடுமையாத்தான் சொன்னன். அந்த மனிசன் 'நீங்க நல்லா இருக்கணும் சேர்' எண்டுது. பின்னால பொம்பிளையள் கைதட்டிச்சினம். பயத்தில தட்டுகினம் எண்டு நினைச்சன்.

— பயத்துல யாரு சேர் கைதட்டுவா? மிச்ச அரை நாள் சம்பளத்தையும் நீங்க வாங்கிக் குடுக்கப் போறதா நெனைச்சிருக்காங்க.

— அதுக்குப் பிறகு ஆரோ ஒரு அம்மா போனை வாங்கி, வெள்ளிக்கிழமை கோயில்ல என்ர பேரில அர்ச்சனை வைக்கிறதாச் சொல்லி நட்சத்திரம் கேட்டவ.

— சொன்னீங்களா?

— கேட்டை.

— சரி, அத அப்புறம் பாப்போம். இந்தக் கடிதம் போச்சுன்னா தோட்டத்த நடத்துற தொர என்ன செய்வாரு தெரியுமா? ஒடிட்காரங்க சந்தேகப்படுறாங்கன்னு முப்பத்தேழு பேரு சம்பளத்தையும் நிறுத்தி வெச்சிடுவாரு. நாளைக்குத்தான் சம்பள நாள்.

— விளங்குது பிள்ளை. ஆனா மெனேஜரிட்ட வெறுங்கையோட போய் நிக்கேலாது. அந்தாளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதாலதான் எங்கள் ரெண்டு பேரையும் இதில போட்டவர். 'நேற்றுக் கள்ளப் பேர் எண்டாய், இண்டைக்குக் கொழுந்து எண்டுறாய், ஆர் உனக்குச் சொன்னது' எண்டு கேப்பார். பதில் எழுத்தில இருக்கோணும். உமக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?

— ஒரு புத்தகத்துல படிச்சேன்.

— என்ன புத்தகம்?

— அட்டை கிழிஞ்ச புத்தகம்.

— பதினெட்டுக் கிலோ எண்டு தராசு மாதிரிச் சொல்லுறீர். எப்ப இறங்கினால் பேர் விழாது எண்டும் சொல்லுறீர். உம்மட விலாசம் பேராதனை வீதி எண்டுதானே கிடக்கு?

— அது தங்கிப் படிக்கிற போடிங் விலாசம்.

— ஊர்?

— வத்தேகமைக்கு மேல.

— மேல எண்டால்? இந்தத் தோட்டமோ?

— டீ ஆறுது சேர், குடிங்க.

— டீயை விடும். முந்தநாள் இந்த வேலையைத் தரேக்க ஒரு படிவம் நிரப்பினனீர். 'கணக்காய்வு செய்யும் தோட்டத்தில் எனக்கு உறவினர் எவரும் வேலை செய்யவில்லை' எண்டு கையெழுத்தும் வைச்சனீர். அது பொய் எண்டால் இண்டைக்கே உம்மைக் கம்பஸுக்குத் திருப்பி அனுப்புவினம். பயிற்சிக் கடிதம் இல்லாட்டிப் பட்டமும் இல்லை.

— அது தெரிஞ்சுதான் சேர் காலையில கொப்பியத் தொறந்ததுலருந்து வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.

— அப்ப இன்னும் பொத்திக்கொண்டு இரும். கடிதம் போகட்டும். அடுத்த கிழமை ஆறுதலாத் திருத்துவம். உமக்கும் சிக்கல் இல்லை, எனக்கும் மானம் போகாது.

— அடுத்த கெழமை வரைக்கும் அந்த வீடுகள்ல ஒலைக்கு எத சேர் போடுறது, உங்க மானத்தையா? எழுதுங்க. சொன்னது சிந்துஜான்னே எழுதுங்க.

— கோவிக்காதையும். எழுதுறன். ஆனா மெனேஜர் கேப்பார், நான் முதலே கேட்டு வைக்கிறன். உம்மட அம்மா இந்த லிஸ்ற்றில இருக்கிறாவோ?

— அம்மா கட்டார்ல வீட்டு வேலை செய்யுது. மூணு வருசமாச்சு.

— அப்பா?

— குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஆட்டோ ஓட்டுறாரு.

— சித்தி, மாமி, மச்சாள்?

— சாமி சத்தியமா ஒருத்தரும் இல்லீங்க. படிவத்துல நான் பொய் எழுதல.

— அட, பிறகென்ன பிள்ளை. இவ்வளவு நேரம் என்னையும் பயப்படுத்திப்போட்டீர். கடிதத்தைக் கிழிக்கிறன். ஒண்டே ஒண்டுதான் மிச்சம். இந்த இருபத்தொம்பதாவது ஆள், மூக்காயி. இந்தக் காலத்தில ஆர் பிள்ளைக்கு மூக்காயி எண்டு வைக்கிறது? இது மட்டும் கள்ளப் பேர்தான், நான் பந்தயம் கட்டுவன்.

— அதுல மட்டும் உங்க கணக்கு சரி சேர். அந்தாளோட அடையாள அட்டையில வேற பேரு.

— பாத்தீரோ? ஒன்பது வருச அனுபவம். அப்ப உமக்கு அந்த ஆளைத் தெரியும். என்ன முறை வேணும் உமக்கு?

— முறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. போன மாசம் கம்பஸ் லீவுல கைச்செலவுக்கு நானே மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனேன். பதினாலு கிலோவுக்கு மேல எடுக்க முடியல. வீட்டுல கூப்புடுற பேரையே கணக்கப்பிள்ளை எழுதிட்டாரு.