போனுக்கு முன்னால் ஒரு நாற்காலி

ஜெகதீஸ்வரி: ...சுத்தி வளைக்கல அண்ணே. இன்னிக்கு லைவ்ல நான் முன்னுக்கு உக்காரப் போறேன். அண்ணி பின்னுக்கு வந்து போனப் பாத்துக்கட்டும்.

குணாளன்: என்னாது?

ஜெகதீஸ்வரி: காதுல விழுந்துச்சு இல்ல?

குணாளன்: அம்மா ஒங்கிட்ட என்னா சொல்லி வச்சிருக்காங்க?

ஜெகதீஸ்வரி: கடையில எது வேணும்னாலும் கேளு, முன்னுக்கு நிக்கிற எடத்த மட்டும் ஒங்கண்ணன்கிட்ட கேக்காதன்னாங்க. சிம்பாங் அம்பாட்லேருந்து போன் போட்டு மூணு தடவ சொன்னாங்க. கேட்டுட்டேன்.

மிதுஷா: அலாமாக்... நாலு மணிக்கு லைவ். இன்னும் இருபது நிமிசம்தான் இருக்கு. நான் பூவெல்லாம் வச்சாச்சு லா.

ஜெகதீஸ்வரி: அந்தப் பூவ நான்தான் அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன் அண்ணி. ரோட்டுத் தடுப்புல போலீஸ்காரன் நிறுத்தி, மல்லிப்பூ என்னா மருந்தா மாயமான்னு சத்தம் போட்டான்.

மிதுஷா: தேங்க்யூ சொன்னேன் தானே?

ஜெகதீஸ்வரி: என்கிட்ட சொன்னீங்க. லைவ்ல வேற மாதிரி சொன்னீங்க. "இந்தப் பூ என் வீட்டுக்காரர் ஆசையா வாங்கிக் குடுத்தது."

குணாளன்: ஜெகா, சண்டைக்கு இப்ப நேரமில்ல. சேலைங்கள வரிசையா அடுக்கிட்டியா?

ஜெகதீஸ்வரி: அடுக்கிட்டேன். நம்பர் ஒட்டிட்டேன். எது பட்டு, எது கலப்பு, எந்தக் கரைக்கு எந்த ரவிக்க சேரும்... எல்லாம் துண்டுப் பேப்பர்ல எழுதி அண்ணி கண்ணுக்கு நேரா ஒட்டியாச்சு.

மிதுஷா: அப்புறம் என்னா கொற ஒனக்கு?

ஜெகதீஸ்வரி: நான் எழுதுனத நானே வாசிச்சா என்னான்னு தோணுது.

மிதுஷா: பொறாம...

ஜெகதீஸ்வரி: ஆமா, பொறாமதான். இல்லன்னு யாரு சொன்னா? போன வருசம் மார்ச்சில கொரோனான்னு கடைய மூடச் சொன்னப்போ அண்ணன் இந்தப் படியில உக்காந்து தலையில கை வச்சுக்கிட்டாரு. ஃபேஸ்புக்குல கடைக்குப் பேஜ தொறந்தது யாரு? கீழ இரும்புக் கதவு எறங்கிக் கெடக்கு, மேல வியாபாரம் நடக்கட்டும்னு சேலைங்கள மூட்ட மூட்டையா ஏத்துனது யாரு? இப்ப ஆயிரத்து ஐநூறு பேரு பாக்குறாங்க. எல்லார் வாயிலயும் "மிதுஷா அக்கா, மிதுஷா அக்கா". ஒங்களுக்கு பட்டர்வொர்த்லேருந்து கேக் வருது. தோடு வருது. எனக்கு என்னா வருது? பார்சல் ஒட்டுற டேப் வருது.

மிதுஷா: கேக்க ஒனக்கும் வெட்டிக் குடுத்தேன்.

ஜெகதீஸ்வரி: மிச்சம் இருந்தத.

குணாளன்: இங்க பாரு... சனங்க ஒரு மொகத்துக்குப் பழகிட்டாங்க. திடீர்னு இன்னொரு மொகத்தக் காட்டுனா...

ஜெகதீஸ்வரி: என் மொகத்துக்கு என்னா?

குணாளன்: நான் ஒண்ணும் சொல்லலையே.

ஜெகதீஸ்வரி: சொல்லுங்க. கறுப்புன்னு சொல்லுங்க. லைட்டு வாங்குறப்ப கடைக்காரன்கிட்டயே சொன்னீங்களே, "என் வீட்டுக்காரிக்கு எடுப்பா இருந்தா போதும், தங்கச்சி பின்னுக்குத்தான் நிப்பா"ன்னு.

மிதுஷா: நெறத்தப் பத்தி இந்த வீட்டுல யாரும் வாயத் தொறக்கல. நீயாத்தான் இழுக்குற. அன்னிக்கு நீ பண்ணதுக்கு அப்புறம் ஒன்ன யாரு முன்னுக்கு உக்கார வைப்பா?

ஜெகதீஸ்வரி: என்னா பண்ணேன்?

மிதுஷா: அந்த மயில்கழுத்துச் சேல! தெரியாம சுத்தப் பட்டுன்னு சொல்லிட்டேன். நீ பின்னுக்கு இருந்து கத்துன. "அது பட்டு இல்ல, கலப்பு, தண்ணியில போட்டா சுருங்கிடும், வாங்காதீங்க"ன்னு. அத்தன பேரு பாக்க... என் மூஞ்சி செத்துப்போச்சு.

குணாளன்: சேல விக்கிறவ வாயிலேருந்து "வாங்காதீங்க"! பினாங்குல எந்தக் கடையிலயாவது கேட்டிருக்கியா லா?

ஜெகதீஸ்வரி: அத எடுக்க இருந்தது புக்கிட் தெங்கா ரமணி அக்கா. பேக்டரியில அவங்களுக்குப் பாதிச் சம்பளம். மக கல்யாணத்துக்கு வீட்டோட பத்து பேர வச்சு தாலி கட்டுறாங்க, அதுக்கு ஒரே ஒரு பட்டு. பொய் சொல்லித் தலையில கட்டச் சொல்றீங்களா?

குணாளன்: அப்புறமா மெதுவா சொல்லியிருக்கலாம்.

ஜெகதீஸ்வரி: அன்னிக்கு எத்தன சேல போச்சு அண்ணே?

குணாளன்: இப்ப எதுக்கு அது...

ஜெகதீஸ்வரி: அடுக்கி வச்ச அறுபதும் வித்துப்போச்சு. ஒரே மணி நேரம். அதுக்கு முன்ன இருபதத் தாண்டுனதில்ல.

மிதுஷா: அது சனிக்கிழம. சனிக்கிழமன்னா எப்பவும் நல்லாப் போகும்.

ஜெகதீஸ்வரி: அதுக்கு முந்தின சனிக்கிழம ஒம்போது போச்சு அண்ணி. பார்சல நாந்தான் கட்டுனேன்.

மிதுஷா: ஒனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும். படிச்சவ இல்ல... எங்க வீட்டுல தெரியுமா? மூணு தலமுறையா எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். அப்பா பெரிய கிளார்க். அண்ணன் மயூரன் டாக்டர். நான் ஒருத்திதான் பாதியில நின்னவ. சிலோன் குடும்பத்துப் பொண்ணு சேலக் கடைக்காரனுக்கு வாக்கப்பட்டுட்டான்னு எங்க பெரியம்மா இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க. இங்க வந்தா இங்கயும் "ஜெகா படிச்சா, ஜெகா பட்டம் வாங்குனா".

ஜெகதீஸ்வரி: அந்தப் பட்டம் போஸ்ட்ல வந்துச்சு அண்ணி. மேடையும் இல்ல, போட்டோவும் இல்ல. சேலப் பார்சலோட பார்சலா மேசையில கெடந்துச்சு. அண்ணன் அது மேல டீ கிளாஸ வச்சாரு.

குணாளன்: தெரியாம வச்சேன் லா!

மிதுஷா: எங்கப்பா மொத தடவையா என் லைவப் பாத்துட்டு, "நல்லாப் பேசுற பிள்ள"ன்னாரு. முப்பது வயசுல மொத தடவ, ஜெகா. அந்த நாற்காலிய நீ கேக்குற.

ஜெகதீஸ்வரி: ஒங்கப்பா பாராட்டுனது நான் எழுதிக் குடுத்தத.

குணாளன்: போதும்! ரெண்டு பேரும் நிறுத்துங்க.

ஜெகதீஸ்வரி: நிறுத்திடுறேன். ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு அப்புறம் யாராவது என்னக் கேட்டாங்களா? கமெண்டுல... "பின்னுக்கு பேசுன பொண்ணு யாரு"ன்னு?

மிதுஷா: கமெண்டெல்லாம் நீதானே பாக்குற?

ஜெகதீஸ்வரி: லைவ் ஓடும்போது என் கண்ணுல ஒண்ணும் படல. அதான் ஒங்களக் கேக்குறேன்.

மிதுஷா: நானும் பாக்கல. ஒருத்தர் கேட்டிருந்தாக்கூட நானே எழுந்து ஒன்ன உக்கார வச்சிருப்பேன். சாமி சத்தியமா.

ஜெகதீஸ்வரி: அண்ணே?

குணாளன்: என்னா?

ஜெகதீஸ்வரி: ஒருத்தர்கூட கேக்கலையா?

குணாளன்: ...இல்ல.

ஜெகதீஸ்வரி: என்னப் பாத்து சொல்லுங்க.

குணாளன்: இல்லன்னு சொல்றேன்ல! ஃபார்ம் ஃபைவோட படிப்ப நிறுத்திட்டு இந்தக் கடையில நின்னவன் நான். ஒன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்பத்தான் நின்னேன். பதினாறு வருசம். எத்தன பேருக்கு சேல விரிச்சிருப்பேன்? ஒருத்தராவது என் பேர என்னான்னு கேட்டாங்களா? "தம்பி, அந்தப் பச்சைய எடு, இந்தச் செவப்ப எடு." அவ்ளோதான். நீ ஒரு தடவ வாயத் தொறந்துட்டு...

ஜெகதீஸ்வரி: தொறந்துட்டு?

குணாளன்: ஒண்ணுமில்ல. போன ஸ்டாண்டுல மாட்டு. பத்து நிமிசம்தான் இருக்கு.

மிதுஷா: ஜெகா, எதுக்குப் பையத் தூக்குற? எங்க போற?

ஜெகதீஸ்வரி: ரெண்டு கட தள்ளி. ஃபஸீலா அக்கா துணிக்கடைக்கு. நாளையிலேருந்து அவங்க லைவ்ல நான்தான். முன்னுக்கு.

குணாளன்: கோவத்துல ஒளறாத. அவங்களக் கேட்டியா மொதல்ல?

ஜெகதீஸ்வரி: அவங்கதான் என்னக் கேட்டாங்க. நேத்தே சரின்னுட்டேன்.

குணாளன்: நேத்தேவா? அப்ப இன்னிக்கு எதுக்கு வந்து நாற்காலி கேட்ட?

ஜெகதீஸ்வரி: நீங்க பொய் சொல்லுவீங்களான்னு பாக்க.

மிதுஷா: என்னா பொய்?

ஜெகதீஸ்வரி: ஃபஸீலா அக்கா நம்ம லைவ்ல ஏழு தடவ எழுதுனாங்களாம், "பின்னுக்கு பேசுற தங்கச்சியக் காட்டுங்க"ன்னு. ஒண்ணுமே வெளிய வரல. ஏன் ஒளிச்சு வைக்கிறீங்கன்னு என்கிட்டயே நேரா கேட்டாங்க. பேஜுக்குள்ள போய்ப் பாத்தேன். யாராவது கெட்ட வார்த்த எழுதுனா அந்தக் கமெண்ட் தன்னால மறையிறதுக்கு ஒரு பட்டியல் இருக்கு. ஆரம்பத்துல நான் எட்டு வார்த்த போட்டு வச்சேன். இப்ப பதினொண்ணு இருக்கு. எல்லாக் கெட்ட வார்த்தைக்கும் கீழ "ஜெகா", "தங்கச்சி", "பின்னுக்கு". நூத்தி எண்பது பேரு என்னக் கேட்டிருக்காங்க அண்ணி. ஒண்ணொண்ணாத் தொறந்து விட்டுட்டேன். படிங்க.

மிதுஷா: நூத்தி எண்பதா...? ஜெகா, நான் இல்ல! எனக்கும் பொறாமதான், ஒத்துக்கிறேன். அந்த மயில்கழுத்துச் சேலைக்கு அப்புறம் ஒன் கொரலக் கேட்டாலே வயிறு எரிஞ்சுச்சு. ஆனா இத நான் செய்யல.

குணாளன்: மிது, விடு. நேரமாச்சு. சனங்க காத்துக்கிட்டு...

மிதுஷா: நீங்க சும்மா இருங்க! ஜெகா, நில்லு. படியில எறங்காத. நான் செய்யலன்னு நம்புறியா, இல்லையா?

ஜெகதீஸ்வரி: நம்புறேன் அண்ணி. பேஜுக்குள்ள போய் மாத்துற வழிய ஒங்க போன்ல நான் வைக்கவே இல்ல. அதையாவது ஒங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு எரிச்சல். அது ரெண்டே ரெண்டு போன்லதான் இருக்கு. என்னோடத கீழ போறதுக்குள்ள அழிச்சிடுவேன். இன்னொண்ணு ஒங்க வீட்டுக்காரர் சட்டப் பையில இருக்கு.