புதுக் கொம்பியூட்டருக்கு விளங்காத கட்டளைகள்

வவுனியாவில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் லண்டனிலிருந்து வந்திறங்கிய ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தை.

"புதுக் கொம்பியூட்டருக்குப் பழையதின்ரை கட்டளை ஒண்டும் விளங்காது," என்றார் அவர் மனைவியிடம்.

"ஏன், ரெண்டும் மெசின்தானே?" என்று கேட்டாள் அவள்.

"மெசின்தான். ஆனால் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பாஷை. வேலையிடத்திலை எல்லாத்தையும் நான்தான் மாத்தி எழுதினனான். அதாலைதான் பிள்ளை பிறக்கேக்கை வரேலாமல் போச்சு."

அவர் குழந்தையிடம் பால்போத்தலை நீட்டினார்.

"பால் குடிக்கிறீங்களோ, அம்மா?"

குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்தது.

"'இங்கா' எண்டு கேளுங்கோ. அவவுக்கு அதுதான் விளங்கும்," என்றாள் மனைவி மெதுவாக.

"இங்கா?" என்றார் அவர்.

குழந்தை திரும்பி, போத்தலை எட்டிப் பிடித்தது. குடித்தபடியே அவர் கையில் சாய்ந்து உறங்கிப்போனது. நெடுங்கேணியில் நான் இறங்கும்வரை அவர் அந்தக் கையை அசைக்கவேயில்லை.