இரண்டகம் என்றால் என்ன?

சீவலப்பேரித் துறையில் ஓடத்துக்குக் காத்திருந்தோம். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட ஒருத்தி மூட்டையோடு நின்றாள். அவள் வேலை பார்த்த பண்ணையின் கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க வந்து மறித்தார்.

“ஏளா, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டுப் போறியே?”

“ரெண்டகம்னா என்ன அய்யா?”

“ரெண்டு அகம். சோறு திங்குதப்பம் ஒரு மனசு, தின்ன பெறகு ஒரு மனசு.”

“வெள்ளத்துல உங்க வயக்கரை உடைஞ்சப்பம், அடைக்கப் போயித்தான எம் புருசன் செத்தாரு? சாவுக்குத் துட்டி கேக்கப் பண்ணையார் எங்க தெருவுக்கு வந்தாரா?”

“அவுக எப்படிளா அங்கன வருவாக?”

“அந்த மனசுக்கு என்ன பேரு?”

கணக்கப்பிள்ளை ஆற்றைப் பார்த்தார். ஓடம் வந்தது. அவள் மூட்டையைத் தலையில் ஏற்றினாள்.

“பைய யோசிச்சு வைங்க. திரும்பி வரும்போது கேட்டுக்கிடுதேன்.”