வலது கதவில் குறைந்த இரண்டு நூல்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, பட்டறைச் சங்கத்தின் அண்ணன் தம்பிகளே, வெல்டிங்காரர்களே, பெயிண்டர்களே, லேத்துக்காரர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணியே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

பேசுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது, பார்த்தீர்கள். என் அண்ணனின் படத்தை ஒரு பக்கம் இறக்கி மாட்டியிருந்தீர்கள். அதை நேராக்கிவிட்டுத்தான் மைக்கைப் பிடித்தேன். கோணலாகத் தொங்க அவர் சம்மதிப்பாரா? சதுரம் மாஸ்டர் சம்மதிப்பாரா?

அந்தப் பேர் எப்படி வந்தது என்று இளைய ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் சுத்தியலை எடுக்க மாட்டார், அளவு நாடாவைத்தான் எடுப்பார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு தடவை. மாற்று மூலைக்கு ஒரு தடவை. இரண்டும் ஒன்றாக வந்தால் சதுரம். வராவிட்டால் வேலை ஆரம்பிக்காது. வீட்டுக் கட்டிலையும் அளந்தவர் அவர். கல்யாண மேடையில் அண்ணியின் முகத்தைப் பார்க்கச் சொன்னால், மேடையின் மூலையைப் பார்த்து, "இந்தப் பக்கம் இறங்கியிருக்கே" என்றார். "அன்னைக்கே எழுந்து போயிருக்கணும் நான்" என்று அண்ணி முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனாரா? போகவில்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆறாவதோடு சரி. ஆனால் அந்த நாடாவின் மறுமுனையை இருபத்தாறு வருஷம் பிடித்தவள். தகடு பிடித்தேன், கிரைண்டர் பிடித்தேன், வெல்டிங் பிடித்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைசி நாள் வரைக்கும் என்னைப் "பாப்பா" என்றே கூப்பிட்டார். வாடிக்கைக்காரர்கள் எந்தக் குழந்தையைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நரைத்த தலையோடு நான் வந்து நிற்பேன்.

ஒரு தடவை பள்ளிக்கூட வேன் ஒன்று கதவுக் கைப்பிடி மாற்ற வந்தது. பத்து நிமிஷ வேலை. அண்ணன் குனிந்து உள்ளே விரித்திருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். தரை இல்லை! துரு தின்றது போக மிச்சம் இருந்த ஓட்டை வழியாக எங்கள் பட்டறைச் சிமெண்ட் தெரிந்தது.

ஓட்டுநர் சொன்னார்: "மாஸ்டர், கைப்பிடி போடச் சொன்னா ரோட்டைக் காட்டுறீங்களே!"

"பிள்ளைங்க காலை எங்கய்யா வைப்பாங்க?"

"அதுங்க எங்க காலை கீழ வைக்குதுங்க? சீட்டு மேலதான் நிக்குதுங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு நாளில் புதுத் தகடு வளைத்து, வரி அடித்து, தண்ணீர் வடியத் துளை போட்டு, தரை இறக்கிய பிறகுதான் சாவி வெளியே வந்தது. "மேல பெயிண்டை ஊருக்கே காட்டலாம். கால் படுற இடத்தை யாரும் பார்க்க மாட்டாங்க. அதனாலதான் அதை ஒழுங்கா செய்யணும்" என்பார். எத்தனை பேரின் கால்களுக்குக் கீழே என் அண்ணனின் கைவேலை இருக்கிறது! அதில் எத்தனை பேர் அவரை நினைத்திருப்பார்கள்?

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினீர்கள். மூன்று பேரும் அன்பாகத்தான் பேசினீர்கள். தலைவர் சொன்னார், கடைசி இரண்டு வருஷம் மாஸ்டருக்குக் கண் ஏமாற்றிவிட்டது, அப்படியும் தொழிலை விடவில்லை என்று. பெயிண்டர் அண்ணனும் அதையே சொன்னார். செயலாளர் படித்த இரங்கல் தீர்மானத்திலும் அது வந்துவிட்டது. "பார்வை குன்றிய நிலையிலும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

யார் சொன்னது பார்வை குன்றியது என்று? எந்த வண்டியை வைத்துச் சொன்னீர்கள்?

எனக்குத் தெரியும். நான்காவது வரிசையில் அந்த வண்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஐயா. அவருடைய அப்பா ஓட்டிய பழைய கார். இருபது வருஷம் கொட்டகையில் நின்றதை எழுப்ப வேண்டும் என்று எங்களிடம் இழுத்து வந்தார். தரை முழுக்கத் துரு. பாடி சேசிஸ் மேல் உட்காரும் ஆறு மவுண்ட்டும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. கடையில் கிடைக்கிற சாமான் இல்லை அது. எல்லாம் கையால் செய்ய வேண்டும்.

அண்ணன் செய்த முறையைச் சொல்கிறேன், தொழில் தெரிந்தவர்கள் கேளுங்கள். கதவுகளைக் கழற்றினார். இரண்டு கதவுத் திறப்பிலும் மேலே, கீழே, நடுவே அளந்தார். அந்த அளவை வண்டியின் கதவுத் தூணின் உள்பக்கம் ஊசியால் கீறி எழுதினார். பிறகு திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் அடித்தார். எதற்கு? தரையை வெட்டி எடுத்துவிட்டால் பாடிக்கு முதுகெலும்பு இல்லை. குழாய்தான் அதை உருக்குலையாமல் பிடித்திருக்கும். அப்புறம் பாடியைத் தூக்கி, முன்னாலும் பின்னாலும் முட்டுக் கொடுத்து நிறுத்தி, பழைய தரையை வெட்டினார். ஒன்றாவது தப்பா? ஒன்றுமே தப்பு இல்லை!

ஒரு நாள் காலை மவுண்ட்டுக்கு ரப்பர் கட்டை வாங்கக் கிளம்பினார். புதுத் தகடு வளைத்துத் தயாராக இருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாப்பா, நான் வந்த பிறகு ரெண்டு பேருமா பின்பக்கமா உள்ள விடலாம். குழாய்ல மட்டும் கை வச்சிடாத."

"எனக்குத் தெரியாதாண்ணா? கிளம்புங்க."

எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவர் வருவதற்குள் தகட்டை உள்ளே உட்காரவைத்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு ஆசை. பின்பக்கமாக விட இரண்டு ஆள் வேண்டும். வலது கதவு வழியாக என்றால் ஒரு ஆள் போதும். குறுக்கே ஒரு குழாய்தானே என்று நினைத்தேன். கிரைண்டரால் அறுத்தேன். அறுத்து முடித்ததும் ஒரு சத்தம் கேட்டது. விரல் சொடுக்கின மாதிரி. அவ்வளவுதான். பாடி நடுவில் இறங்கியது.

தகட்டை உள்ளே விட்டேன். குழாயைத் திரும்ப வைக்கப் போனேன். குழாய் உள்ளே போகவில்லை. நான் அதை வெட்டிய இடத்திலேயே அதற்கு இடம் இல்லை! திறப்பு இரண்டு நூல் குறைந்திருந்தது. நூல் என்றால் எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால் கால் அங்குலம்.

அப்போதாவது கையை எடுத்தேனா? இல்லை. குழாயின் முனையைத் தேய்த்து, சின்னதாக்கி, உள்ளே திணித்து வெல்டிங் அடித்து, புது வெல்டிங் தெரியாதபடி கறுப்பு பெயிண்டும் அடித்துவிட்டேன். முதலில் செய்தது அவசரம். அதை மன்னிக்கலாம். இது அவசரம் இல்லை. இது மறைத்தது.

அவர் வந்தார். தகடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அட, எப்படி பாப்பா தனியா விட்ட?" என்றார்.

"லேத்துக்காரர் ஒரு கை பிடிச்சாருண்ணா."

லேத்துக்கார அண்ணே, நீங்கள் அன்றைக்கு எங்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. உங்கள் பேரையும் இழுத்தேன்.

"எதையாச்சும் அசைச்சியா?"

"இல்லண்ணா."

அதோடு முடிந்தது. தரையை வெல்டிங் அடித்துப் பிடிக்கவைத்தார். ஆறு மவுண்ட்டும் கனத் தகட்டில் மடித்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எடுத்து, வைத்துப் பார்த்து, மயிரிழை பிசகாமல் பொருத்தினார். நான் கெடுத்துவைத்த பாடிக்கு அத்தனை அருமையாகப் பொருத்தினார்! குழாய்களை அறுத்து எடுத்துக் கதவுகளை மாட்டினோம். இடது கதவு மூடியது. வலது கதவு மேலே இடித்தது.

தூணில் கீறிய அளவை வைத்து அளந்தார். இரண்டு நூல் குறைந்தது. மறுபடியும் அளந்தார். அதே இரண்டு நூல். நான் கிரைண்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சொன்னதை இந்த இரண்டு வருஷத்தில் மனசுக்குள் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! "குழாய் இருந்துச்சு. பாப்பா எதையும் அசைக்கல. அப்ப நான்தான் அளவைத் தப்பாப் பார்த்து எழுதியிருக்கேன்."

கேட்டீர்களா? என் வார்த்தையை நம்பினார். தன் கண்ணை நம்பவில்லை.

வண்டிக்கார ஐயா வந்து பார்த்தார். நாலு பேர் முன்னால், "மாஸ்டர், கண்ணு சரியில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். ஐயா, உங்கள் மேல் குற்றம் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்க வேண்டியவள் நான். திரும்பச் செய்து தருகிறேன் என்று அண்ணன் சொன்னார். வேண்டாம் என்று வண்டியை இழுத்துப் போனீர்கள். அது இப்போதும் உங்கள் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது.

அண்ணி அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர், "ரெண்டு கண்ணும் பளிச்சுனு இருக்கு, போய் வேலையைப் பாருங்க" என்றார். அண்ணன் நம்பினாரா? "டாக்டருக்குப் பாடி வேலை தெரியுமா?" என்று சொல்லி, கடையில் தொங்கிய கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். வெல்டிங் முகமூடிக்குள் அது போகாது. மூக்கில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். இந்தப் படத்திலும் அதைத்தான் போட்டிருக்கிறார். அந்தக் கண்ணாடியை அவருக்கு மாட்டியது நான்.

அதற்குப் பிறகு தரை வேலை எடுக்கவில்லை. கைப்பிடி, சைலன்ஸர் ஒட்டு, மட்கார்டு, அவ்வளவுதான். மூலை சரியா என்று பார்க்கும் தன் மூலைமட்டத்தை வெல்டிங்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். நாடாவை என்னிடம் நீட்டுவார். "பாப்பா, எத்தனைன்னு நீயே பார்த்துச் சொல்லு. உன் கண்ணு நல்லா இருக்கு."

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். "அண்ணா, அந்த வண்டி விஷயம்..." என்றேன். "விடு பாப்பா, வயசாயிடுச்சு எனக்கு" என்றார். விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால், மதியம் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி. பிறகு எழவே இல்லை. இனி யாரிடம் சொல்வேன்?

நேற்றுக் காலையில் அண்ணியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவருக்குக் கண்ணு போச்சுன்னு நானா சொன்னேன்? சொன்னவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அதனால்தான் வந்தேன். அவர் என்னை மன்னித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அவர் மன்னிக்கவில்லை.

"உன் அண்ணனுக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்மா, தங்கச்சியாச்சேன்னு விட்டிருப்பாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்ல நினைப்பீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். தெரிந்திருந்தால் அவர் கண்ணாடி வாங்கியிருப்பாரா? மூலைமட்டத்தைக் கொடுத்திருப்பாரா? அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் போனார்.

ஐயா, வண்டிக்கார ஐயா. உங்கள் வண்டியை எனக்குத் தாருங்கள். வலது தூணின் உள்பக்கம் அவர் கீறிய அளவு இன்னும் இருக்கிறது. அந்த அளவுதான் சரியான அளவு. இரண்டு திறப்பிலும் புதுக் குழாய் வைப்பேன். வலது பக்கத்துத் தரையையும் மூன்று மவுண்ட்டையும் அறுத்து எடுத்து, பாடியை ஜாக்கி வைத்து அவர் எழுதிய அளவுக்குத் தூக்கி, திரும்பச் செய்வேன். என்னை நம்ப வேண்டாம். இந்தச் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் தினமும் வந்து அளந்து பாருங்கள். வெல்டிங்காரத் தம்பி, அந்த மூலைமட்டத்தை வேலை முடியும் வரைக்கும் மட்டும் கொண்டு வா. வலது கதவு ஒரு விரல் தள்ளலில் மூடும் நாளில் இங்கே இருக்கும் எல்லாரும் வாருங்கள். அது அவர் அளவு என்று உங்கள் கையால் மூடிப் பாருங்கள். இது நான் அவர் படத்தின் முன்னால் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒன்று. செயலாளர் ஐயா, அந்தத் தீர்மானத் தாள் உங்கள் முன்னால்தான் இருக்கிறது. "பார்வை குன்றிய நிலையிலும்" என்ற வார்த்தைகளை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், சதுரம் மாஸ்டரின் கண் கடைசி வரைக்கும் சரியாக இருந்தது, குழாயை அறுத்தது அவர் தங்கை என்று எழுதுங்கள். எனக்கு அவ்வளவாக எழுத வராது. படிக்க வரும். நீங்கள் எழுதி முடித்து என்னிடம் நீட்டும் வரைக்கும் நான் இங்கேயே நிற்கிறேன்.