எருமை தின்ற ஸ்டீராய்டு

“என்ற ஊட்டுக்காரர் என்ற மூச்சிழுப்பு மாத்திரைய எருமைக்குக் குடுத்துப்போட்டாருங்க அக்கா!”

எண்பதுகளின் தொடக்கத்தில், ராசிபுரத்திலிருந்து சேலம் சென்ற பேருந்தில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த வெண்ணந்தூர்ப் பெண் இவ்வாறு முழங்கினார். பக்கத்திலிருந்த மூத்த பெண்மணி திகைத்துத் திரும்பினார்.

“எருமைக்கும் இழுப்புங்களா?”

“இல்லீங்க. அந்த ஸ்டீராய்டு மாத்திரை தின்னு என்ற மூஞ்சி உப்பிப்போச்சு. சந்தைக்கு ஓட்டற எருமையும் அப்படிப் பூரிக்கட்டும்னு, இருந்த அத்தனையும் தவுட்டுல கலக்கிட்டாரு.”

“பூரிச்சுதா?”

“எங்கீங்க! சாணிதான் போட்டுச்சு. திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் இன்னைக்கே வாங்க ஓடறேன்.”

“மூஞ்சிய உப்ப வெக்கிற மருந்து எதுக்குங்க?”

“முன்னெல்லாம் மூச்சு முட்டி, ராத்திரி பூரா உக்காந்தே கெடப்பேனுங்க. இப்பப் படுத்துத் தூங்கறேன். இந்த பஸ்ஸையே ஓடித்தான் புடிச்சேன்!”

அவர் பேச்சில் இளைப்பின் சுவடே இல்லை. மனித அறிவு ஈன்ற அந்தச் சிறு மாத்திரையை என் நெஞ்சம் வாழ்த்தியது.

“இருந்தாலும் மூஞ்சி...” என்று இழுத்தார் மூத்தவர்.

“அத நானாங்க பாக்கறேன்? அவருதானுங்க பாக்கோணும்!”