வடக்குத்து வால்வு

ரத்த தான ஃபாரத்துல வயசு தப்பா எழுதலைங்க சிஸ்டர். நூத்தி முப்பத்தெட்டுதான். ஒண்ண அடிச்சிட்டு முப்பத்தெட்டுன்னு நீங்களே போட்டுக்குங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கேட்டா உண்மையதான சொல்லணும். கீழ இன்னொரு கேள்வி இருக்குது பாருங்க, கடைசியா எப்ப ரத்தம் ஏத்திகினீங்கன்னு. ஏத்திகினது இல்லைங்க. குடிச்சது. அதுவும் மூணு வருசம் ஆச்சு.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. திருநெல்வேலிப் பக்கமா நீங்க? பேச்சுல தெரியுது. அதான் எங்களத் தெரியல. டவுன்ஷிப்ல எந்த பிளாக்குல கேட்டாலும் சொல்வாங்க. என் பேரு சிவப்பிரகாசம், சேத்தியாத்தோப்பு ஜமீன். ரத்தக்காட்டேரி ஜமீனுங்க. இப்ப மைன்ஸ்ல, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில கொட்டுற மண்ண வார்ற காண்ட்ராக்ட் வேல. இந்தப் பேச்சும் அங்க கத்துகினதுதான்.

ஐயய்யோ, கடிக்கிறதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சுங்க. எங்களுக்கு பைப் லைன். வடக்குத்துல ஒரு ஷெட்டு, தெனம் நாப்பது பேரு வந்து கைய நீட்டிட்டுப் போவாங்க. அங்கேருந்து செம்பு பைப்புல நேரா வூட்டுக்கு. வழியில ஆறிடக் கூடாதுன்னு அந்த பைப்ப சுத்தி இன்னொரு பைப்பு, அதுல நீராவி. எங்களுக்கு கரண்டு ஒத்துக்காது, எல்லாமே நிலக்கரி போட்டு பாய்லர்தான். காரு, ஃபேனு, எங்கம்மா தல வார்ற சீப்பு கூட புஸ்ஸு புஸ்ஸுன்னு நீராவியிலதான் ஓடும்.

அந்த வடக்குத்து யாருக்குன்னுதான் எங்களுக்கும் காடாம்புலியூர் ஜமீனுக்கும் தொண்ணூறு வருசமா சண்ட. அவங்களும் காட்டேரிங்கதான். ஒத்தப்பட தேதி எங்களுக்கு, ரெட்டப்பட தேதி அவங்களுக்குன்னு பேசி முடிச்சாங்க. முப்பத்தொண்ணும் ஒண்ணும் அடுத்தடுத்து எங்களுக்கே வருதே, அத யாரும் யோசிக்கல. அதுக்காக எங்க சித்தப்பா மேல வண்டிய ஏத்திட்டாங்க. எங்களக் கொல்றது கஷ்டம், மூணு தடவ ஏத்துனாங்க.

அந்த வூட்டுப் பொண்ணுதான் விஜயகுமாரி. சித்தப்பாவுக்குப் பதிலுக்கு ஏத்திட்டு வாடான்னு எங்கப்பா என்னைய அனுப்புனாரு. போறேன், ரோட்டு நடுவுல அவ வண்டி நிக்கிது. பாய்லர்ல தண்ணி வத்திப் போச்சு. குடையப் புடிச்சிகினு நிக்கிறா. எங்க வண்டியப் பாத்து ஓடுவான்னு நெனச்சேன். ஓடல. தண்ணி இருக்கா, இல்ல மோத வந்தீங்களா, மோதறதுன்னா சீக்கிரம் மோதுங்க, வெயில் ஏறுதுன்னா.

தண்ணி குடுத்தேன். என் பாய்லர்லேருந்து மொண்டு குடுத்ததுல என் வண்டியும் நின்னு போச்சு, அவளோடதும் கெளம்பல. ஒரே குடையில முந்திரித் தோப்பு வழியா காடாம்புலியூர் வரைக்கும் நடந்தோம். வழி பூரா அந்த முப்பத்தொண்ணாந்தேதியப் பத்தியே சண்ட போட்டுகினு வந்தா. அவ சொன்னதுதான் சரி. வூட்டுக்கு வந்து அத எங்கப்பாகிட்ட சொன்னேன், ஒரு மாசம் எங்கிட்ட பேசல அவரு.

இந்த நேரத்துலதான் வடக்குத்து ஷெட்டுல அன்புக்கரசின்னு ஒரு அம்மா, பதினாறு வருசமா எங்களுக்கு கைய நீட்டுனவங்க, ரெண்டு ஜமீனுக்கும் லெட்டர் போட்டாங்க. நாப்பது பேரையும் பெர்மனன்ட் பண்ணணும், வாரம் ஒரு நாள் லீவு வேணும், குடுத்து முடிச்சதும் வேர்க்கடல உருண்ட தரணும். எங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. மறுநாள் காலையில பத்து மணிக்கு வால்வ மூடிட்டாங்க.

புரட்சின்னா தீவட்டி, கம்புன்னு நெனச்சிகினு இருந்தோம் நாங்க. ஒண்ணும் இல்ல. வால்வ மூடிட்டு, அதச் சுத்தி பாய விரிச்சு உக்காந்துட்டாங்க. பூண்டு கொண்டாந்திருக்காங்களான்னு எங்க சித்தி நடுங்கிச்சு. கொண்டாந்திருந்தாங்க, மதியானத்துக்கு பூண்டுக் கொழம்பு. பூண்டுக்கெல்லாம் பயந்தா இந்த ஜில்லாவுல நாங்க பொழச்சிருக்க முடியுங்களா?

எங்க வூட்டுல ஸ்டாக் தீந்து போச்சு. காடாம்புலியூர் அரமனையில ஒரு பழைய டேங்க்ல கொஞ்சம் ரத்தம் இருந்துச்சு. வேற வழியில்லாம எங்க குடும்பமும் அங்கயே போயி ஒண்டிகிச்சு. வேலக்காரங்க எல்லாரும் பாயில போய் உக்காந்தாச்சு, பாய்லர் யாரு பாக்கறது? என்னையும் விஜயகுமாரியையும் எறக்கி விட்டாங்க. ரெண்டு பேருக்கும் தீக்குச்சி கிழிக்கத் தெரியாது. பட்டுப் பொடவையோட நிலக்கரி வாருனா சிஸ்டர். மூஞ்சி பூரா கரி, பல்லு மட்டும் வெள்ளையா தெரியுது. எங்க பல்லு எப்படின்னு நீங்க யோசிச்சுப் பாருங்க. எனக்கு அப்பதான் இவள வுட்டா வேற யாரும் இல்லன்னு ஆச்சு.

பன்னெண்டாம் நாளு டேங்குல ஒரே ஒரு டம்ளரு மிச்சம். எந்த வூட்டுக்குன்னு நீங்க ரெண்டு பேரும் மொட்டமாடியில சண்ட போட்டு முடிவு பண்ணுங்கன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. ஆளுக்கொரு வாளு வேற. அவ வாள கீழ போட்டுட்டு டம்ளர எடுத்துகினு படி எறங்குனா. கேட்டத் தொறந்து வடக்குத்து வரைக்கும் நடந்து, நேரா வால்வுகிட்ட போயி, இது உங்களுதுன்னு நீட்டுனா. நானும் பின்னாடியே போனேன்.

அன்புக்கரசி டம்ளரப் பாத்தாங்க, அவ மூஞ்சியப் பாத்தாங்க. இத வாங்கி நான் என்னம்மா பண்றது, கீழ வச்சிட்டு உக்காந்து மொதல்ல சோறு தின்னுன்னாங்க.

தின்னோம். பூண்டுக் கொழம்பு. ரெண்டு நாளு வயித்த வலி, சாவல.

அவ்ளோதாங்க புரட்சி. பெரியவங்க எல்லாம் ஊட்டிப் பக்கம் போயிட்டாங்க, அங்க வெயில் கம்மியாமே. எங்களுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம், அன்புக்கரசிதான் சாட்சிக் கையெழுத்து. வடக்குத்துல வாடகைக்கு வூடு. அன்னையிலேருந்து ஒரு சொட்டு தொடலைங்க, சத்தியமா.

தொடாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா மனுசனா மாறிடுவோம் போல. யாருக்கும் தெரியாது, எங்கள்ல யாரும் இதுக்கு முன்னாடி நிறுத்துனதில்ல. எங்க காலு தரையில பாவாது சிஸ்டர், ஒரு நூலு மேலதான் நிக்கும். கல்யாணமாயி ஆறு மாசத்துல அவ செருப்பு தேஞ்சுச்சு. போன வருசம் ஒரு நர முடி. தெருவுல ஒரு வூடு விடாம போயி காட்டிட்டு வந்தா. போன வாரம் பலாக்கொட்ட சீவறப்ப விரல்ல வெட்டிகினா, ரத்தம் வந்துச்சு. எங்களுக்குன்னு சொந்தமா ரத்தம் கெடையாதுங்க, அதனாலதான குடிக்கிறதே. வெரல தூக்கிப் புடிச்சிகினு ஒக்காந்து அழுவுறா, சிரிக்கிறா. உங்களுக்கும் வந்துச்சான்னு கேட்டா.

போன மாசமே வந்துச்சு, ஷேவ் பண்றப்பன்னு சொல்லிட்டேன்.

வரலைங்க. நான் வெட்டிப் பாக்கவே இல்ல, பயம். என் செருப்பு வாங்குன மாதிரியே இருக்குது. மைன்ஸ்ல கல்லுல தேச்சு தேச்சு எடுத்துகினு போறேன், அவ பாத்துடக் கூடாதுன்னு. அவ பாட்டுக்கு கெழவி ஆயிடுவா, நான் இப்படியே நிப்பேன்.

பையெல்லாம் மாட்ட வேணாங்க. என் ரத்தம் உங்களுக்கு ஆவாதுன்னா ஆவாது. மொதல்ல விரல்ல ஒரு குத்து குத்திப் பாப்பீங்களாமே, அது மட்டும் பண்ணிடுங்க. அதுக்குத்தான் வந்தேன்.

இந்தாங்க, இந்த விரல். நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்.

குத்திட்டீங்களா? வருதா? அமுக்கிப் பாருங்க.

எங்க, காட்டுங்க.

இருங்க, தொடைக்காதீங்க. வெளிய வேப்ப மரத்தடியில குடையோட நிப்பா, விஜயகுமாரின்னு கூப்புடுங்க. வேணாம், அப்புறம் கூப்புடலாம், மொதல்ல அந்த ஃபேனப் போடுங்க சிஸ்டர். ரத்தத்தப் பாத்து தல சுத்தறது எனக்கு இதான் மொத தடவ.