டை ராடு பற்றி நான் சொன்னது

உங்கள் வண்டி இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. நேற்று என்னை அழைத்து வந்தபோதே கவனித்தேன். ஓட்டியவர் நேரான சாலையில்கூட ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே வந்தார். அவருக்கு அது பழகிப்போய்விட்டது. முன் சக்கரங்களை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் நான் சொன்னேன் என்று எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், தோர்திஸ். காவல்துறையில் இப்படி ஒருவர் இருப்பது நல்ல விஷயம். எங்கள் ஊரில் கடந்த மூன்று வருடங்களாக ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க என்னை யாரும் விட்டதில்லை.

ஹாப்லிதியின் ஜீப்பில் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் டை ராடு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் கம்பி அது. அதன் இரு முனையிலும் ஒரு கிண்ணத்துக்குள் இரும்புக் குண்டு. சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றால், மனத்தாங்கலில் இருக்கும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் போகும். மலைமேல் உறைந்து கிடக்கும் பனியாற்றுக்குப் போகிற ஜீப்பில் இன்ஜினைப் பற்றிப் பேசாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. டை ராடு பற்றிப் பேச நான் ஒருவன்தான். இருபத்தாறு வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். தகுதி இல்லாமல் பேசவில்லை.

ஹாப்லிதியும் நானும் ஒரே வகுப்பு. மீன் ஆலையின் மேலாளர் அவன். எங்கள் தன்னார்வ மீட்புப் படைக்கும் தலைவன். வருடத்தில் பத்து நாள் மீட்புப் பணி செய்வான், மீதி நாளெல்லாம் அந்தப் பத்து நாளைப் பற்றிப் பேசுவான். ஒருமுறை வழி தவறிய ஜெர்மானியர் இருவரைக் கண்டுபிடித்தான். பனியாற்று ஓரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்ததும், தாடியில் பனி போதவில்லை என்று வண்டிக்குப் பின்னால் போய் ஒரு கை அள்ளித் தேய்த்துக்கொண்டு வந்தான். நான் பார்த்தேன். பேட்டியில் கடைசிவரை அது உருகவில்லை, அவ்வளவு குளிர். அதுகூட அவனுக்குச் சாதகமாகவே அமைந்தது.

மூன்று வருடம் முன்பு அவன் நாற்பத்துநாலு அங்குல டயர் வாங்கினான். தலைநகரத்தில் யாரோ மாட்டிக் கொடுத்தார்கள். ஸ்பிரிங் மாற்றினார்கள், மட்கார்டை வெட்டி அகலமாக்கினார்கள், பக்கவாட்டில் பெரிதாக அவன் பெயரை எழுதினார்கள். டை ராடு மட்டும் கம்பெனியில் போட்டதே. முப்பத்தொரு அங்குல டயருக்கென்று போட்டது.

நீச்சல் குளத்துச் சுடுநீர்த் தொட்டியில்தான் அவனிடம் சொன்னேன். ஊர் விவகாரம் எல்லாம் பேசித் தீர்ப்பது அங்கேதான். கழுத்தளவு நீரில் ஏழு பேர் இருந்தோம்.

"ஹாப்லிதி, அந்த டை ராடு தாங்காது. மாத்திடு."

"ஒனக்கு என் டயரப் பாத்தா வயிறு எரியுதுடா. தண்ணி சூடு பத்தலன்னா அந்தப் பக்கம் தள்ளி உக்காரு."

ஏழு பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். நீரில் சின்ன அலைகூட எழுந்தது.

அன்றிலிருந்து காத்திருந்தேன். அவன் கெடுதலை விரும்பினேன் என்று எழுதிவிடாதீர்கள். சின்னதாக ஏதாவது நடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கூட்டுறவுக் கடை வாசலில், நாலு பேர் பார்க்க, அவன் ஜீப் இரண்டு சக்கரமும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பி மாறுகண் மாதிரி நிற்க வேண்டும். நான் அந்த வழியாக நடந்து போக வேண்டும். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

முதல் குளிர்காலம் போனது. இரண்டாவதும் போனது. அவன் ஆற்றில் இறக்கினான், பாறையில் ஏற்றினான், வேண்டுமென்றே குதிக்க விட்டான். ஒன்றும் ஆகவில்லை. ஊரில் எனக்கு 'டை ராடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தபால்காரி என் வீட்டைப் புதியவர்களுக்கு அடையாளம் சொல்வதே அந்தப் பெயரில்தான். நான் சரியாகச் சொன்னேன், வண்டி தவறாக நடந்துகொண்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிறகு இந்த வருடத் தோரி விருந்து. உங்கள் ஊரிலும் உண்டுதானே, புளித்த ஆட்டிறைச்சி, நாறும் சுறா, அப்புறம் ஊர்க்காரர்களைக் கிண்டலடிக்கும் நாடகம். இந்த முறை நாடகம் எழுதியது பள்ளி ஆசிரியை ராக்னா. ஹாப்லிதி என் வேஷம் கட்டினான். அவன் போட்டிருந்தது என்னுடைய நீல மேலங்கி, நிஜமாகவே என்னுடையது. என் மனைவி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மேடையில் ஒரு கட்டில், அதில் மனைவியாக ராக்னா. அவன் கையில் இரண்டடி நீள ரென்ச்சோடு கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தான்.

"ஏம்மா, தூங்குறதுக்கு முன்னாடி ஒன் முட்டிய ஒருதரம் ஆட்டிப் பாத்துடட்டா? லூசா இருந்தா பனியில கழண்டுடும்."

"முட்டி இருக்கட்டும். ஒங்க வாய்தான் லூசா இருக்கு, அத மொதல்ல முறுக்குங்க."

நூற்றைம்பது பேர் மேசையைத் தட்டினார்கள். என் மனைவி கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தோரி விருந்தில் கோபித்துக்கொண்டவன் அடுத்த வருடமும் நாடகத்தில் வருவான், அதற்கடுத்த வருடமும் வருவான். அதனால் எல்லோரும் சிரிப்போம். எனக்கு அன்றிலிருந்து தாடை வலி. பல் மருத்துவர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார். தூக்கத்தில் மட்டும் இல்லை.

ஒன்பது நாள் கழித்து ஹாப்லிதி பட்டறைக்கு வந்தான், பின்பக்கக் கதவு வழியாக. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எனக்காக அவன் தொப்பியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை.

"எய்விந்த், நான் யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுல தப்பொண்ணும் இல்ல. படைக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டி. கெட்டியா ஒண்ணு போட்டுடு."

"இத விருந்துல சொல்லியிருக்கலாமே."

"அட நீ வேற. யார்கிட்டயும் சொல்லிடாதடா. மேடையேறி ஒன்ன நக்கலடிச்சவன் நானே வந்து மாத்திக்கிட்டேன்னு தெரிஞ்சா சிரிப்பாங்க."

"என்னப் பாத்துச் சிரிச்சாங்களே."

"அது தோரி விருந்து. அதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க?"

இல்லை என்றேன். சாவியை வாங்கிக்கொண்டேன். கனத்த டை ராடு ஒன்றைத் தருவித்தேன். என் கட்டைவிரல் இரண்டைச் சேர்த்தது போலத் தடிமன், அருமையான பொருள். என் வேலை மேசைக்குக் கீழே பெட்டி பிரிக்காமல் கிடந்ததை நீங்கள் எடுத்தீர்களே, அதுதான். இந்த இடத்தில் நான் ஒளிக்க ஒன்றும் இல்லை.

பழைய டை ராடைக் கழற்றி மேசையில் வைத்து ரப்பர் உறையை உரித்தேன். குண்டைப் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், இரண்டு முனையையும் பார்த்தேன். மூன்று குளிர்காலம், நாற்பத்துநாலு அங்குல டயர், அத்தனை குதி குதித்தும் தேய்மானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. புதிது மாதிரி இருந்தது. இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும்.

காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள், தோர்திஸ். கனத்ததைப் போட்டால் இனி அது என்றைக்கும் உடையாது. நான் சொன்னது நடக்காமலே போய்விடும். நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள், பின்கதவு வழியாக வந்து, வெளியே சொல்லாதே என்று போயிருக்கிறான். கழற்றியதைத் திரும்பப் போட்டாலோ, அதுவும் உடையாது. அதுதான் பொறுக்க முடியவில்லை. ஒரு மனிதனின் இருபத்தாறு வருட அனுபவத்தை அரைக் கிலோ இரும்பு பொய்யாக்குவதா?

பழைய இரும்புத் தொட்டியில் ஒரு விவசாயியின் ஜீப்பிலிருந்து கழற்றிப் போட்ட டை ராடு முனை ஒன்று கிடந்தது. வருடக்கணக்கில் ஆற்று மணலில் ஓடியது. குண்டு விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அதைச் சுத்தமாகத் துடைத்தேன். சத்தம் வராமல் கெட்டியான கிரீஸை நிறைய அடைத்தேன். புது ரப்பர் உறை, புது நட்டு, அது கழலாமல் இருக்கக் காட்டர் பின். ஹாப்லிதியின் பழைய கம்பியின் வலது முனையில் அதை ஏற்றி, கம்பிக்குக் கறுப்பு வர்ணம் பூசி மாட்டினேன். நட்டு முறுக்கியதற்கு அடையாளமாக எப்போதும் வெள்ளைக் கோடு ஒன்று போடுவேன், அதையும் போட்டேன். வேலை என்று பார்த்தால் சுத்தமான வேலை. அவன் கீழே படுத்துப் பார்க்கிறவன் இல்லை, படையின் ஆரஞ்சு உடுப்பு அழுக்காகிவிடும்.

நன்றி என்று ஒரு பொட்டலம் உலர்மீன் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல மீன். என் மனைவி வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை படைக்குப் பனியாற்றில் பயிற்சி. நாலு ஜீப். ராக்னாவும் படையில் உண்டு, முதலில் என் வண்டிக்குத்தான் வந்தாள்.

"ஒன்கூட வரட்டா எய்விந்த்? ஹாப்லிதி வண்டியில போனா வழியெல்லாம் அவரு பெருமையவே பாடுவாரு."

"எடமில்ல. கருவிப் பெட்டி இருக்கு."

"பெட்டியப் பின்னாடி தூக்கிப் போடேன்."

"அது அங்கயே இருக்கட்டும்."

"சரிதான், டை ராடுக்குச் சீட்டு, டீச்சருக்கு இல்ல" என்று சிரித்துக்கொண்டே அவன் வண்டியில் போய் ஏறினாள். நான் ஏற்றிவிடவில்லை. அவளாகத்தான் ஏறினாள்.

பனியில் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். பனிமேல் ஏறும்போது டயரில் காற்றை முக்கால்வாசி இறக்கிவிடுவோம், பிசைந்த மாவு மாதிரி தரையில் பரந்து உட்காரும். அந்த மெத்தையில் எந்த ஆட்டமும் அமுங்கிப்போகும். நாள் முழுக்க அருமையான வெயில். மேலே ரொட்டியும் ஆட்டுக்கறித் துண்டும் சாப்பிட்டோம். மதியம் இரண்டு மணிக்கு இறங்கினோம். பனி முடிகிற இடத்தில் எல்லோரும் நின்று டயருக்குக் காற்று ஏற்றுவோம். காற்று ஏற்றி, கல் சாலையில் இறங்கினால்தான் லூசான மூட்டு வாய் திறக்கும். அவன் சீட்டியடித்துக்கொண்டே ஏற்றினான். அவனுடைய முன்பக்கத்து வலது டயரின் அழுத்தத்தை நானே மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னேன். அப்போது நான் பேசியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அழுத்தத்தைத்தான் கேட்டான். அதைச் சரியாகச் சொன்னேன்.

அவன் முன்னால், நான் அடுத்து, மற்ற இருவரும் பின்னால். இறக்கம், வலப்பக்கம் கீழே ஆறு. இரண்டாவது கிலோமீட்டரில் அவன் முன் சக்கரம் உதற ஆரம்பித்ததைப் பார்த்தேன். உடனே ரேடியோவில் வந்தான். எல்லா வண்டிக்கும் கேட்கிற பொது அலைவரிசை அது.

"எய்விந்த், ஸ்டீயரிங் பயங்கரமா ஆடுதுடா. கையில நிக்கல. நிறுத்தட்டா?"

"மூணு வருஷமா நான் என்ன சொன்னேன்?"

"என்னது?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்லு."

ராக்னாவின் குரல் பக்கத்திலிருந்து வந்தது. "அட சொல்லித் தொலைங்க. கீழ போய்ச் சண்ட போட்டுக்கலாம்."

"சரிடா, நீ சொன்னதுதான் சரி. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

"காத்து. கேக்கல. இன்னொரு தடவ."

"எய்விந்த் சொன்னதுதான் சரி. டை ராடு விஷயத்துல எய்விந்த் சொன்னதுதான் சரி. போதுமா?"

போதும். நியாயமாகச் சொன்னால் போதும். நிறுத்து என்று நான் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். ஆனால் அவன் நிறுத்தினால் நாலு வண்டி ஆட்களும் இறங்குவார்கள், யாராவது ஒருவன் கீழே படுத்துப் பார்ப்பான், புது உறைக்குள் பழைய குண்டு இருக்கும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவன் எல்லோர் காதிலும் சொன்னது, அந்த இடத்திலேயே இல்லாமல் போய்விடும்.

"பிரேக்கத் தொடாத" என்றேன். "தொட்டா இன்னும் ஆடும். வேகத்த அப்படியே புடி, வளைவு தாண்டினா அடங்கிடும்."

"சரி" என்றான். நாற்பது வருடப் பழக்கத்தில் நான் சொன்னதை அவன் அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். வளைவில் இடது சக்கரம் சாலையோடு திரும்பியது. வலது சக்கரம் ஆற்றைப் பார்த்தது.

அவனைக் கொன்றது நான்தான். ராக்னாவுக்கு இனி கால் வராது என்று தலைநகர மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்களாம், அதற்கும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

கட்டுப்பாட்டு அறையில் ரேடியோ பேச்செல்லாம் பதிவாகும் என்று காலையில் சொன்னீர்கள். அந்த ஒலிப்பதிவைப் போட்டும் காட்டினீர்கள். முழுதும் வேண்டாம், தோர்திஸ். அவன் இரண்டாவது முறை சொல்கிற இடம் மட்டும், என் பெயர் வருகிற அந்த இடம், கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை போடுகிறீர்களா?